குண்டு எங்கே நிற்க வேண்டும்?

திரைப்படங்களில் இக்காட்சியை நீங்கள் பலமுறை பார்த்திருப்பீர்கள். கதாநாயகன் கைத்துப்பாக்கியால் சுடுகிறான். எதிரி பத்தடி தள்ளிப் போய் விழுகிறான். இது நடக்கக் கூடியதா? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

பல நாட்டுக் காவல் துறையினர் பயன்படுத்தும் 9 மில்லிமீட்டர் குண்டின் நிறை ஏறத்தாழ 8 கிராம். அதன் வேகம் வினாடிக்கு 350 மீட்டர் எனக் கொள்வோம். 70 கிலோகிராம் நிறையுள்ள ஒருவரின் உடலில் இக்குண்டு தங்கிவிட்டால், உந்த அழிவின்மை விதிப்படி அவர் பெறும் வேகம் வினாடிக்கு 4 சென்டிமீட்டர் மட்டுமே! எதிரி தூக்கி எறியப்படுவது உண்மையானால், நியூட்டனின் மூன்றாம் விதிப்படி கதாநாயகனும் பின்னால் போய் விழ வேண்டும்.

அப்படியானால் காவல் துறையினர் தோட்டாவை எதைக் கொண்டு தேர்ந்தெடுக்கிறார்கள்? குண்டு எவ்வளவு ஆழம் சென்று நிற்கிறது என்பதே அவர்கள் கேட்கும் முதற் கேள்வி.

இக்கேள்வியை முன்னுக்குக் கொண்டுவந்தது ஒரு துயர நிகழ்ச்சி. 1986 ஏப்ரல் 11 அன்று, அமெரிக்காவின் மயாமி நகருக்கு அருகே கொள்ளையர் இருவரை எஃப்.பி.ஐ. அதிகாரிகள் எண்மர் மடக்கினர். தொடக்கத்திலேயே ஒரு குண்டு கொள்ளையன் ஒருவனின் கையைத் துளைத்து மார்புக்குள் சென்றது. ஆனால் இதயத்தை எட்டுமுன் நின்றுவிட்டது. அவன் தொடர்ந்து சுட்டான். கொள்ளையர் இருவரும் மாண்டனர். ஆனால் அதற்குள் அதிகாரிகள் இருவர் உயிரிழந்தனர், ஐவர் காயமுற்றனர்.

அதன் பின்னர் எஃப்.பி.ஐ. ஒரு சோதனை முறையை வகுத்தது. ஒரு பங்கு ஜெலட்டினை ஒன்பது பங்கு நீரில் கரைத்து, 4 டிகிரி செல்சியஸில் உறைய வைக்கிறார்கள். குண்டைத் தடுப்பதில் இக்கட்டி ஏறத்தாழத் தசையை ஒத்தது. இதில் குண்டு குறைந்தது 30 சென்டிமீட்டர் செல்ல வேண்டும். 45 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. மார்பின் பருமனைவிட 30 சென்டிமீட்டர் அதிகமாயிற்றே என்று நீங்கள் கேட்கலாம். குண்டு பக்கவாட்டில் வரலாம். மயாமியில் போல் கை குறுக்கே இருக்கலாம். கட்டியின் முன்னே தடித்த துணி, ஒட்டுப்பலகை, இரும்புத் தகடு, கார்க் கண்ணாடி ஆகியவற்றை வைத்தும் சுடுகிறார்கள்.

சரி, 45 என்ற மேல் வரம்பு எதற்கு? உடலைத் துளைத்து வெளியேறும் குண்டு, பின்னால் நிற்கும் வழிப்போக்கரைத் தாக்கும். முழுவதும் உலோக உறையிட்ட குண்டில் இந்த ஆபத்து அதிகம். நியூயார்க் நகரக் காவல் துறை 1998இல் அதை விட்டுக் குழிமுனைக் குண்டுக்கு மாறியதற்கு இதுவே முக்கியக் காரணம். முனையிலுள்ள குழியில் திசுவின் அழுத்தம் ஏறியதும் குண்டு குடைபோல் விரிகிறது. பரப்பு கூடுவதால் தடையும் கூடி, விரைவில் நிற்கிறது. குழியில் துணி அடைத்துக்கொண்டால் விரியாமலும் போகலாம். துணிச் சோதனை அதற்காகத்தான்.

விரியும் குண்டுகளைப் போரில் பயன்படுத்த 1899ஆம் ஆண்டின் ஹேக் பிரகடனம் தடை விதித்தது. கல்கத்தாவுக்கு அருகிலுள்ள டம்டம் தொழிற்சாலையில் செய்யப்பட்ட குண்டுகள் அத்தடைக்குப் பெரும் காரணமாயின. அவை ஏற்படுத்தும் காயம் கொடியது என்பதில் ஐயமில்லை. கூட்டம் நிறைந்த தெருவில் மற்றவர்களைக் காக்க வேண்டும் என்பதே காவல் துறையினர் கூறும் நியாயம்.

மயாமிக்குப் பின் எஃப்.பி.ஐ. 10 மில்லிமீட்டர் தோட்டாவுக்கும், பிறகு 0.40 அங்குலத் தோட்டாவுக்கும் மாறியது. ஆனால் அவற்றின் பின்னுதைப்பு அதிகம். இதற்கிடையில் 9 மில்லிமீட்டர் குண்டின் அமைப்பும் திருந்தி, அதே ஆழத்தை எட்டியது. பின்னுதைப்புக் குறைந்தால் பலரும் விரைவாகவும் குறி தவறாமலும் சுட முடிகிறது. ஆகவே 2010களின் நடுவில் எஃப்.பி.ஐ. 9 மில்லிமீட்டருக்கே திரும்பியது.

குறி தவறிய குண்டும் எங்கோ ஓரிடத்தில்தான் போய் நிற்கும். அங்கே யார் இருப்பார் என்பதை எந்த ஜெலட்டின் கட்டியும் சொல்லாது.