அஞ்சாதே வாக்கு

அஞ்சாதே வாக்கு என்பது எபிரேய இறைவாக்கு நூல்களில், இடரில் இருப்போருக்கு இறைவன் பாதுகாப்பை உறுதியளிக்கும் கூற்று வகையாகும். எபிரேய மொழியில் 'அல் தீரா' என்ற சொற்கள் இதன் அடையாளம். ஏசாயா நூலின் 41, 43, 44 ஆம் அதிகாரங்களில் இதைத் தெளிவாகக் காணலாம்.

அமைப்பு

பெயர் சொல்லி விளித்தல், அஞ்ச வேண்டாம் எனல், அதற்குக் காரணம் கூறல் ஆகியவை இதன் கூறுகள். இறைவன் உடனிருக்கிறார் என்பதே முதன்மையான காரணம். வெள்ளமும் நெருப்பும் வராது என்று 43 ஆம் அதிகாரம் சொல்லவில்லை. அவற்றைக் கடக்கையில் இறைவன் உடனிருப்பார் என்றே சொல்கிறது.

பின்னணி

பண்டைய அண்மைக் கிழக்கில் இத்தகைய வாக்குகள் அரசர்களுக்குக் கூறப்பட்டன. கி.மு. 7 ஆம் நூற்றாண்டில் அசீரிய மன்னன் எசரத்தோனுக்குக் கூறப்பட்டவை களிமண் பலகைகளில் கிடைத்துள்ளன. ஏசாயா 7 ஆம் அதிகாரத்திலும் போர் அச்சத்தில் இருந்த யூதா அரசன் ஆகாசுக்கே இவ்வாக்கு உரைக்கப்படுகிறது.

கி.மு. 587 அளவில் பாபிலோனியர் எருசலேமையும் அதன் கோயிலையும் அழித்தனர். யூதாவின் அரசாட்சி முடிந்தது. மக்களில் பலர் பாபிலோனுக்கு நாடு கடத்தப்பட்டனர். அக்காலச் சூழலில் எழுந்த ஏசாயா 40–55 அதிகாரங்களில், முன்பு அரசன் கேட்ட அதே வாக்கு மக்கள் அனைவருக்கும் உரியதாகிறது. 41:14 அவர்களைப் புழு என்று அழைத்தே, அஞ்ச வேண்டாம் என்கிறது. அரணும் படையும் இல்லாதவர்களுக்கும் பாதுகாப்பு உண்டு என்பதே இம்மாற்றத்தின் பொருள்.