கிறுக்கல் என்று நான் படித்தவை: இடம்பெயர்ந்த பிள்ளைகளும் பள்ளியின் மொழியும்

1

இந்தக் கட்டுரை ஒரு தவறிலிருந்து தொடங்குகிறது. தவறு என்னுடையது.

ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரைப் பக்கம் அடுக்குமாடிக் கட்டடம் ஒன்று எழும்பிக்கொண்டிருந்த சமயம். ஒடிசாவிலிருந்து வந்த சில குடும்பங்கள் தகரக் கொட்டகைகளில் தங்கியிருந்தன. நண்பர்களோடு சேர்ந்து நான் நடத்திவந்த மாலை வகுப்புக்கு அங்கிருந்து ஒரு பெண் வந்தாள். பத்து வயசு இருக்கும். 'சேர்க்கிறதுக்கு முன்னால என்ன தெரியும்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க சார்' என்று பக்கத்துப் பள்ளி ஆசிரியர் ஒருவர் கேட்டிருந்தார். ஆறு கணக்குகளைப் பலகையில் எழுதினேன். அவள் நோட்டில் எதையோ வளைத்து வளைத்து எழுதி நீட்டினாள். கிறுக்கல் மாதிரி இருந்தது. 'எழுத்தும் தெரியல, எண்ணும் தெரியல. ஒண்ணாம் வகுப்புலேந்து ஆரம்பிக்கலாம்' என்று சொல்லிவிட்டேன்.

ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் மூன்று வாரம் உட்கார்ந்திருந்தாள். அப்புறம் வரவில்லை. கொட்டகையில் தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேலை முடிந்ததும் குடும்பம் வேறெங்கோ போய்விட்டது. நோட்டு மட்டும் என்னிடம் தங்கிவிட்டது. ரூர்கேலாவில் வேலைபார்த்துத் திரும்பிய நண்பர் ஒருவர் பல மாதங்கள் கழித்து அதைப் புரட்டிப் பார்த்தார். 'இது ஒடியா நம்பர்ப்பா. ஆறுல அஞ்சு சரி' என்றார்.

க, உ, ங, ச என்று நம் எண்ணுருக்கள் வழக்கொழிந்து போனதைப் பற்றி மேடையில் ஆதங்கப்பட்டவன் நான். இன்னொரு மொழிக்கும் தனக்கென்று எண்ணுருக்கள் இருக்கக்கூடும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. சட்டமும் எனக்குத் தெரியாததல்ல. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலிருக்கும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, பள்ளியில் சேராத அல்லது படிப்பு நின்றுபோன பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, தனிப்பயிற்சி தந்து மற்றவர்களுக்கு இணையாகக் கொண்டுவரச் சொல்கிறது. நான் அதற்கு நேர்மாறாகச் செய்தேன். அதையும் உதவி என்று நம்பிச் செய்தேன். அந்த நம்பிக்கையைத்தான் இங்கே விசாரணைக்கு உட்படுத்த விரும்புகிறேன்.

2

இடம்பெயரும் எல்லாப் பிள்ளைகளும் 'பிரச்சினை'யாகப் பார்க்கப்படுவதில்லை. திருச்சி வெளியூர்க்காரர்களால் உருவான நகரம். 1928இல் ரயில்வே பணிமனை பொன்மலையில் செயல்படத் தொடங்கியதிலிருந்தும், 1960களில் பெல் தொழிற்சாலை திருவெறும்பூர்ப் பக்கம் எழுந்ததிலிருந்தும் பல மொழிக்காரர்கள் இங்கே வந்து குடியேறியிருக்கிறார்கள். மைய அரசின் ஊழியர் ஊர்விட்டு ஊர் மாறும்போது அவர் பிள்ளையின் படிப்பு கெடக்கூடாது என்பதற்காகவே 1963இல் ஒரு பள்ளி அமைப்பு தொடங்கப்பட்டது. அதுதான் கேந்திரிய வித்யாலயா. எங்கே போனாலும் அதே பாடத்திட்டம், அதே பயிற்றுமொழி. பொன்மலையிலும் ஒன்று இருக்கிறது.

ஆக, இடம்பெயர்தலுக்கு ஈடுகொடுக்கப் பள்ளியால் முடியாது என்பதில்லை. யாருடைய இடம்பெயர்தலுக்கு என்பதுதான் கேள்வி. அதிகாரியின் பிள்ளை 'மாற்றலாகி' வருகிறது, சித்தாளின் பிள்ளை 'பிழைக்க' வருகிறது. முதலாவதற்காக அரசு பள்ளியையே நாடு முழுக்கப் பரப்பி வைத்தது. இரண்டாவது மட்டும் தன்னைப் பள்ளிக்கேற்ப மாற்றிக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றும் இங்கே மறைக்கப்படுகிறது. ஸ்ரீரங்கத்தில் தெலுங்கும் கன்னடமும் பேசும் வீடுகள் தலைமுறைகளாக உண்டு. ஆற்றைத் தாண்டி நகருக்குள் போனால் உருது, சௌராஷ்டிரம். துவாக்குடிப் பக்கம் தேவராயநேரியில் நரிக்குறவர்களின் வாக்ரிபோலி. நம் வகுப்பறைகள் என்றுமே ஒற்றைமொழி வகுப்பறைகளாக இருந்ததில்லை. வாசலில் செருப்பைக் கழற்றிவிடுவதுபோல் வீட்டுமொழியையும் விட்டுவிட்டு உள்ளே வரும் பழக்கம்தான் இருந்தது. மொழிவழி மாநிலச் சீரமைப்போடு 1956இல் அரசியல் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 350ஏ பிரிவு, மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர வசதி செய்யச் சொல்கிறது. ஓரிடத்தில் நிலையாக இருக்கும் சமூகத்தை மனதில் வைத்து எழுதப்பட்டது அது. எட்டு மாதம் இங்கே, நாலு மாதம் அங்கே என்று வாழும் பிள்ளை அதற்குள் அகப்படுவதில்லை.

3

பிறகு எங்கள் வகுப்புக்குக் கல்லூரி மாணவி ஒருத்தி உதவிக்கு வந்தாள். கொட்டப்பட்டு முகாமில் பிறந்து வளர்ந்தவள். 2021இல் அரசு பெயர் மாற்றி, அகதிகள் முகாம்களை 'மறுவாழ்வு முகாம்' என்று அழைக்கத் தொடங்கியது. அவளுக்கு அது இன்னமும் 'காம்ப்'தான். வீட்டில் ஈழத்தமிழ், பள்ளியில் திருச்சித்தமிழ். 'எனக்குத் தமிழ் தெரியும் சேர். ஆனா என்ரை தமிழ் பிழையெண்டு வகுப்பில சிரிப்பினம். நாலாம் வகுப்பு வரைக்கும் நான் வாயே திறக்கேல்லை' என்றாள் ஒருநாள். தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழ்ப் பள்ளியிலேயே இது நடக்கிறதென்றால், பள்ளி கேட்பது தமிழை அல்ல, தமிழில் ஒரு வகையை மட்டுமே என்றாகிறது.

அவள் வேலை செய்த விதம் என்னுடையதுக்கு நேர் எதிராக இருந்தது. ஒடியாச் சிறுவன் ஒருவன் வகுத்தல் கணக்கில் திணறினான். '24 மாம்பழங்களை 4 பேருக்குச் சமமாகப் பங்கிட்டால் ஆளுக்கு எத்தனை?' நான் வகுத்தலை மறுபடி சொல்லிக்கொடுக்கப் போனேன். அவள் தடுத்தாள். 'கணக்கு விளங்கேல்லை எண்டு ஆர் சொன்னது? கேள்விதான் விளங்கேல்லை.' 24 புளியங்கொட்டைகளை அவன் முன்னால் கொட்டி, நாலு விரலைக் காட்டினாள். மளமளவென்று பிரித்து வைத்துவிட்டு 'ஹரண' என்றான். ஒடியாவில் வகுத்தலுக்கு அதுதான் பெயர். அவள் அந்தச் சொல்லை நோட்டில் எழுதிக்கொண்டு, பக்கத்தில் 'வகுத்தல்' என்று எழுதி அவனிடம் காட்டினாள். 'சமமாக', 'ஆளுக்கு' என்ற இரண்டு சொற்கள்தான் அவனுக்கு மிச்சம்.

கனடாவில் ஜிம் கம்மின்ஸ் 1979இல் முன்வைத்த வேறுபாடு இங்கே உதவும். பிள்ளை புதிய மொழியைத் தெருவில், விளையாட்டில் பேச ஏறக்குறைய இரண்டு ஆண்டில் பழகிவிடும். பாடப்புத்தகத்தின் மொழி வசப்பட ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் வேண்டும். தெருவில் சரளமாகப் பேசும் பிள்ளை வகுப்பில் தடுமாறும்போது, 'தமிழ்தான் நல்லா பேசுதே, அப்ப புத்திதான் மந்தம்' என்று முடிவு கட்டுகிறோம். அந்த இடைவெளி மொழிக்கு உரியது, மூளைக்கு உரியதல்ல. ஒரு மொழியில் புரிந்த வகுத்தலை இன்னொரு மொழியில் புதிதாகப் புரிந்துகொள்ள வேண்டியதில்லை. பெயரை மாற்றிக்கொண்டால் போதும் என்பதும் கம்மின்ஸின் வாதம்தான். ஆகவே வீட்டுமொழியைத் துறக்கச் சொல்வது, பிள்ளை ஏற்கெனவே கட்டி வைத்த சுவரை இடித்துவிட்டு அஸ்திவாரம் தோண்டச் சொல்வதாகும்.

4

இத்தகைய பிள்ளைக்குத் துணைநிற்பவரை 'மென்டர்' என்கிறார்கள். சொல்லின் பூர்வீகம் ஹோமரின் ஒடிசி. இன்றைய பொருளில் அது பரவக் காரணமானது ஃபெனலோன் 1699இல் பிரெஞ்சில் வெளியிட்ட 'தெலெமாக்' என்னும் நாவல். அதில் மென்டர் உருவில் வருவது ஞான தேவதை. எல்லாம் அறிந்தவர், எதுவும் அறியாத இளைஞனை நடத்திச் செல்கிறார். அறிந்தவர் x அறியாதவர் என்ற இந்த எதிர்வுதான் நம் 'உதவி'யின் இலக்கணமாகவும் இருக்கிறது.

அதே நாவலை வைத்தே இந்த எதிர்வைக் கலைத்தவர் ஒருவர் உண்டு. 1818இல் லூவேன் பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சுக்காரரான ஜோசப் ழாக்கொதோவுக்கு ஃபிளெமிஷ் தெரியாது. அவருடைய மாணவர்கள் பலருக்கோ பிரெஞ்சு தெரியாது. 'தெலெமாக்'கின் இருமொழிப் பதிப்பைக் கையில் கொடுத்து, இரண்டையும் ஒப்பிட்டு நீங்களே கற்றுக்கொள்ளுங்கள் என்றார். கற்றுக்கொண்டார்கள். ழாக் ரான்சியேர் 1987இல் இதை ஒரு நூலாக விரித்து எழுதினார்: சமத்துவம் கல்வியின் முடிவில் கிடைக்கும் பரிசு அல்ல, தொடக்கத்திலேயே ஏற்க வேண்டிய நிபந்தனை. இதை அப்படியே நம் சூழலுக்குப் பொருத்த முடியாது. அவர்கள் எழுதப்படிக்கத் தெரிந்த வாலிபர்கள். ஏழு வயதுப் பிள்ளைக்கு யாராவது பக்கத்தில் வேண்டும். ஆனால் மொழி தெரியாத ஆசிரியர் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதில்லை என்பதை நாம் எடுத்துக்கொள்ளலாம்.

பிள்ளைக்குப் பிள்ளையே சொல்லிக்கொடுப்பது நமக்குப் புதிதுமல்ல. திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளை முறையைச் சென்னையில் கண்ட ஆண்ட்ரூ பெல், 1797இல் அதை லண்டனில் நூலாக வெளியிட, அது 'மெட்ராஸ் முறை' என்று உலகம் சுற்றியது. ஆனால் சட்டாம்பிள்ளை கையில் பிரம்பும் இருந்தது. துணைநிற்பவர் எந்த நேரத்திலும் கண்காணிப்பவராக மாறக்கூடும். நான் அன்று அந்தப் பெண்ணிடம் நடத்தியது ஒரு பரீட்சை. பிரம்பில்லாத சட்டாம்பிள்ளை நான்.

5

இப்போது எங்கள் வகுப்பில் சில விஷயங்களை மாற்றியிருக்கிறோம். புதிதாக வரும் பிள்ளையை முதல் மாதம் சோதிப்பதில்லை. அதன் மொழியில் பத்து எண்களையும் ஐம்பது சொற்களையும் முதலில் நாங்கள் கற்றுக்கொள்கிறோம். நாங்கள் உளறும்போது பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், அந்தப் பக்கமும் ஒரு தடவை சிரிப்பு வரவேண்டியதுதான். அதே மொழி பேசும் மூத்த பிள்ளை இருந்தால் பக்கத்தில் உட்காரவைக்கிறோம். ஊர் மாறும் பிள்ளையிடம், இங்கே என்ன படித்தது என்பதை இரண்டு மொழியிலும் எழுதிய நோட்டைக் கொடுத்தனுப்புகிறோம். மாற்றுச் சான்றிதழ் தாமதமானாலும் சேர்க்கையை மறுக்கக்கூடாது என்று சட்டத்தின் 5ஆம் பிரிவு சொல்வதை அதன் முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறோம்.

இது போதாது என்று தெரியும். வயதுக்கேற்ற வகுப்பு, வீட்டுமொழி தெரிந்த ஓர் ஆள், பருவம் நடுவிலும் திறந்திருக்கும் கதவு ஆகிய மூன்றும் பள்ளிக்குள்ளேயே நடக்கவேண்டியவை. தொண்டர்களின் மாலை வகுப்பு அவற்றுக்கு மாற்றாகாது. மாற்றாகிவிட்டால் அரசைப் பொறுப்பிலிருந்து விடுவித்தவர்களாவோம்.

இதைப் படிக்கும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். போர்ஹெஸ்ஸையும் மார்க்வெஸ்ஸையும் மொழிபெயர்ப்பில் படித்து விவாதித்தவர்கள் நாம். அடுத்த தெருவில் தங்கியிருக்கும் பிள்ளையின் எண்களை நமக்குப் படிக்கத் தெரியவில்லை. ஒடியா, வங்காளம், இந்தி, அஸ்ஸாமி தெரிந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரைக்குமான கணக்குச் சொற்களை இரண்டு பத்தியாக எழுதித் தாருங்கள். எங்களிடம் ஒடியா மட்டும் பாதி இருக்கிறது. அதில் முதல் பக்கம் அந்தப் பெண்ணின் நோட்டைப் பார்த்து எழுதியது.