செயின் மட்டும் மாற்றினால் போதுமா? பாரம் சுமக்கும் வண்டிக்குப் பல்சக்கரக் கணக்கு

உத்தனப்பள்ளியைச் சுற்றியுள்ள தோட்டங்களில் விளையும் தக்காளி ராயக்கோட்டை மண்டிக்குப் போகிறது. கொத்தமல்லியும் புதினாவும் சூளகிரிக்குப் போகின்றன. பால், சொசைட்டிக்கு. லாரியும் மினி வேனும் தார்ச்சாலைக்கு வந்த பிறகுதான். கிணற்றடியிலிருந்து தார்ச்சாலை வரை, வரப்பும் செம்மண் தடமுமாகக் கிடக்கும் அந்த ஒன்றிரண்டு கிலோமீட்டரைக் கடக்க வைப்பது பெரும்பாலும் டி.வி.எஸ். மொபெட்தான். வண்டி பிறந்த ஊரும் பக்கத்திலேயே இருக்கிறது. 1980-ல் ஓசூர் தொழிற்சாலையிலிருந்து டி.வி.எஸ். 50 வெளிவந்தது. பிறகு 69.9 சி.சி. டூ ஸ்ட்ரோக் எக்ஸ்.எல். சூப்பர் வந்தது. 2015-ல் 99.7 சி.சி. ஃபோர் ஸ்ட்ரோக் எக்ஸ்.எல். 100 வந்தது.

இன்ஜினை எத்தனை முறை மாற்றினாலும் அதன் சக்தியைப் பின் சக்கரத்துக்குக் கொண்டுபோவது அதே செயின்தான். 40 லிட்டர் பால் கேன் ஒன்றில் பால் மட்டுமே 41 கிலோவுக்கு மேல். இரண்டு கேன், ஓட்டுபவர், பின்னால் ஒரு புல்லுக்கட்டு என்றால் அத்தனையையும் இழுப்பது விரல் அகலம்கூட இல்லாத அந்தச் சங்கிலி. அது அறுந்தால் அன்றைய பால் திரிந்துபோகும். அறுந்த செயின் பல்சக்கரத்துக்கும் கவருக்கும் நடுவில் சுருண்டு பின் சக்கரத்தைப் பூட்டிவிட்டால், போவது பால் மட்டும் அல்ல.

செயின் நீளுமா?

'செயின் நீண்டுபோச்சு' என்று எல்லோரும் சொல்கிறோம். உண்மையில் இரும்பு நீள்வதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு பின்னும், அதைச் சுற்றி ஒரு புஷ்ஷும் இருக்கின்றன. மண்ணும் தூசியும் எண்ணெயோடு கலந்து சாணைக்கல் பொடிபோல ஆகி, அந்தப் பின்னையும் புஷ்ஷையும் தேய்க்கின்றன. ஒரு கண்ணியில் 0.1 மில்லிமீட்டர் தேய்ந்தால் கண்ணுக்கே தெரியாது. நூறு கண்ணி உள்ள செயினில் அதுவே 10 மில்லிமீட்டர் ஆகிவிடும்.

இதை அளக்க மெக்கானிக் தேவையில்லை, பள்ளிக்கூடப் பிள்ளையின் ஸ்கேல் போதும். சிறிய வண்டிகளின் செயினில் பின்னுக்குப் பின் இடைவெளி 12.7 மில்லிமீட்டர், அதாவது அரை அங்குலம். செயினை இழுத்துப் பிடித்து, ஒரு பின்னின் நடுவிலிருந்து 20 கண்ணி தள்ளி இருக்கும் பின்னின் நடு வரை அளக்க வேண்டும். புதுச் செயினில் 254 மில்லிமீட்டர் இருக்கும். 257-ஐத் தொட்டால் மாற்றுவதற்குப் பணம் ஒதுக்கத் தொடங்கலாம். 259 வந்துவிட்டால் அந்தச் செயினில் பாரம் ஏற்றக் கூடாது. ஒரே இடத்தில் அளந்துவிட்டு நிறுத்தாமல், சக்கரத்தைக் கையால் தள்ளி மூன்று நான்கு இடங்களில் பாருங்கள். செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேய்வதில்லை.

ஸ்கேல் கையில் இல்லையா? பின் பல்சக்கரத்தின் கடைசி ஓரத்தில் செயினை விரலால் பின்னோக்கி இழுத்துப் பாருங்கள். செயின் எழும்பிப் பல்லில் பாதி வெளியே தெரிந்தால் அதன் காலம் முடிந்துவிட்டது.

பழைய பல்லில் புதுச் செயின்

இங்கேதான் பலரும் காசு மிச்சம் பிடிக்கப் பார்த்து நஷ்டப்படுகிறார்கள். இடைவெளி கூடிய செயின், தனக்கு ஏற்றபடி பல்லையும் தேய்த்துவிடுகிறது. நல்ல பல் இரண்டு பக்கமும் ஒரே சரிவோடு இருக்கும். தேய்ந்த பல் அரிவாள் மூக்குபோல ஒரு பக்கமாக வளைந்திருக்கும். சரியான இடைவெளியோடு வரும் புதுச் செயின் அந்தப் பள்ளத்தில் முழுதாக உட்காராது. எல்லாப் பல்லும் பகிர்ந்துகொள்ள வேண்டிய பாரம் ஒன்றிரண்டு பல்லில் விழும். ஒரு வருடம் உழைக்க வேண்டிய செயின் சில மாதங்களிலேயே 'கடகட' என்று சத்தம் போட ஆரம்பிக்கும். எனவே செயின், முன் பல்சக்கரம், பின் பல்சக்கரம் மூன்றையும் ஒரே செட்டாக மாற்றுவதுதான் கணக்குக்குச் சரி. வண்டியில் போட்ட பழைய முன் சக்கரம் 'இன்னும் நல்லா இருக்கே' என்று தோன்றும். சிறிய சக்கரம்தான் அதிகச் சுற்று சுற்றுகிறது. அதனால் முதலில் தேய்வதும் அதுதான்.

வாங்கும்போது செயின் தகட்டில் அடித்திருக்கும் எண்ணைப் பாருங்கள். 420 என்றோ 428 என்றோ இருக்கும். இரண்டிலும் பின் இடைவெளி ஒன்றே, அகலம் வேறு. 420-ன் உள் அகலம் 6.35 மில்லிமீட்டர், 428-ன் உள் அகலம் 7.94 மில்லிமீட்டர். அதனால் 420-க்கு வெட்டிய பல்சக்கரத்தில் 428 செயின் உட்கார்ந்துவிடும். கடையில் 'சரியாத்தான் இருக்கு' என்று கொடுத்தும் விடுவார்கள். ஆனால் ஓட்டும்போது பக்கவாட்டில் ஆடி, பல்லின் கன்னத்தைத் தின்றுவிடும். பழைய செயினைக் கையோடு எடுத்துப் போய், எண்ணையும் கண்ணிகளின் எண்ணிக்கையையும் ஒத்துப் பார்த்து வாங்குங்கள். 428-ஐ அடுத்து 'எச்' என்ற ஆங்கில எழுத்து இருந்தால் பக்கத் தகடு தடிமனானது என்று பொருள். பாரம் சுமக்கும் 428 வண்டிக்கு அது நல்லது.

நல்ல செயினைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. ரோலான் செயினைத் தயாரிக்கும் எல்.ஜி.பி. நிறுவனம் கோவையில் இருக்கிறது. 1937-ல் அது தொடங்கியது போக்குவரத்து நிறுவனமாக. டயமண்ட் செயின் முருகப்பா குழுமத்தின் தயாரிப்பு, சென்னை அம்பத்தூரில் உருவாவது. அட்டையில் பெயரை மட்டும் பார்க்காமல், தகட்டிலும் பெயர் அடித்திருக்கிறதா என்று பார்த்து, பில்லோடு வாங்குங்கள்.

ஒரு பல் கூட்டினால், ஒரு பல் குறைத்தால்

'முன்னாடி ஒரு பல் பெரிசாப் போட்டா மைலேஜ் கூடும்' என்ற பேச்சு எல்லா ஊரிலும் உண்டு. கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். கியர் வண்டி ஒன்றில் முன் சக்கரத்துக்கு 14 பல், பின் சக்கரத்துக்கு 42 பல் என்று வைத்துக்கொள்வோம். 42-ஐ 14-ஆல் வகுத்தால் 3. முன் சக்கரம் மூன்று சுற்று சுற்றினால் பின் சக்கரம் ஒரு சுற்று. முன்னால் 15 பல் போட்டால் அது 2.8 ஆகும். இழுவை கிட்டத்தட்ட 7 சதவீதம் குறையும். 13 போட்டால் 3.23. இழுவை ஏறக்குறைய 8 சதவீதம் கூடும், அதே அளவுக்கு ஓட்டம் குறையும். பின்னால் மூன்று பல் கூட்டி 45 போட்டாலும் 3.21தான். முன்னால் ஒரு பல் என்பது பின்னால் மூன்று பல்லுக்குச் சமம்.

காலி வண்டியில் சமதளச் சாலையில் ஓசூர் வேலைக்குப் போய் வருபவருக்கு 15 பல் ஒத்துவரலாம். பாரம் ஏற்றுபவருக்கு ஒத்துவராது. கியர் வண்டியிலாவது மேட்டில் ஒரு கியர் குறைக்கலாம். எக்ஸ்.எல். போன்ற மொபெட்டில் குறைக்க கியரே இல்லை. அதன் கிளட்ச், இன்ஜின் வேகம் கூடும்போது தானாகப் பிடிப்பது. பெரிய முன் சக்கரம் போட்டுப் பாரத்தோடு மேடு ஏறினால், கிளட்ச் முழுதாகப் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டே இருக்கும். சூடேறும், கருகும். பெட்ரோலில் மிச்சம் பிடித்தது கிளட்சில் போய்விடும்.

ஏரிக்கரை மேடும் கரடுமாக இருக்கும் தடத்தில் தினமும் பாரம் ஏற்றுபவர் முன்னால் ஒரு பல் குறைப்பதில் நியாயம் இருக்கிறது. அதற்கும் விலை உண்டு. சமதளத்தில் இன்ஜின் கூடுதலாகக் கத்தும், பெட்ரோல் சற்றுக் கூடும். சிறிய சக்கரத்தில் செயின் அதிகமாக மடங்குவதால் தேய்மானமும் கூடும். பின்னால் பல் கூட்டினால் செயின் நீளம் போதாமல் போகலாம், கவரில் உரசலாம். இந்தக் காரணங்களால், சாலை ஓட்டமும் தோட்ட ஓட்டமும் கலந்து இருப்பவர்களுக்குக் கம்பெனி கொடுத்த பல் எண்ணிக்கையே நல்லது.

மாட்டும்போது

வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பழைய செயின் மாட்டியிருக்கும்போதே, ஒருவர் பின் பிரேக்கை மிதித்துக்கொள்ள, முன் பல்சக்கரத்தின் போல்ட்டை இளக்கிவிட வேண்டும். செயினைக் கழற்றிய பிறகு அந்தச் சக்கரத்தைப் பிடித்து நிறுத்துவது பெரும் பாடு. பின் சக்கரத்தைக் கழற்றும்போது ஹப் ரப்பர் உள்ள வண்டியாக இருந்தால் அதையும் பாருங்கள். நொறுங்கிய ரப்பர் ஒவ்வொரு ஆக்ஸிலேட்டர் முறுக்கலுக்கும் செயினைச் சவுக்கால் அடிப்பதுபோல் இழுக்கும்.

புதுச் செயின் மாட்டும் முன் பின் சக்கரத்தை முன்னோக்கித் தள்ளிவிடுங்கள். பூட்டுக் கண்ணியின் கிளிப்பில் மூடிய முனை, செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். மேல்புறச் செயின் முன்னோக்கி ஓடுகிறது. கிளிப் மேல்புறம் இருக்கும்போது மூடிய முனை முன்பக்கம், பிளந்த முனை பின்பக்கம். தலைகீழாகப் போட்டால் ஒரு கல்லோ குச்சியோ தட்டியதும் கிளிப் பறந்துவிடும்.

அட்ஜஸ்டரை இரண்டு பக்கமும் ஒரே கோட்டு அளவுக்குத் திருகுங்கள். கீழ்ப்புறச் செயினின் நடுவில் விரலால் மேலும் கீழும் அசைத்தால் பொதுவாக 20 முதல் 30 மில்லிமீட்டர் ஆட்டம் இருக்க வேண்டும். வண்டியின் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதைப் பின்பற்றுங்கள். சக்கரத்தைச் சுற்றி, செயின் எங்கே அதிகம் இறுகுகிறதோ அங்கே அளக்க வேண்டும். பாரம் ஏற்றுபவர்களுக்குக் கூடுதலாக ஒரு சோதனை: வழக்கமான பாரத்தை ஏற்றி, ஒருவர் உட்கார்ந்த நிலையிலும் பாருங்கள். பின் சக்கரத் தண்டு மேலே எழும்பும்போது செயின் இறுகும். அப்போதும் கொஞ்சம் ஆட்டம் மிஞ்ச வேண்டும். வீணைத் தந்திபோல இறுகி நின்றால், முன் பேரிங் சீக்கிரம் போய்விடும். அச்சு நட்டை முழுதாக இறுக்கி, பிரேக் கம்பியையும் சரிசெய்து முடியுங்கள். முதல் 200, 300 கிலோமீட்டரில் புதுச் செயின் சற்று இளகும். அப்போது ஒருமுறை மறுபடி பார்க்க வேண்டும்.

எண்ணெயும் விரலும்

மழைக்காலத்திலும் சேற்றில் ஓட்டிய பிறகும் மண்ணெண்ணெய் அல்லது டீசல் தொட்ட துணியால் துடைத்து, 90 கியர் ஆயில் விடலாம். இன்ஜினிலிருந்து வடித்த பழைய ஆயில் வேண்டாம், அதில் உலோகத் துகள் இருக்கிறது. ஓட்டி வந்து செயின் சூடாக இருக்கும்போது, கீழ்ப்புறச் செயினின் உள்பக்கம் சொட்டுச் சொட்டாக விடுங்கள். வழியும் எண்ணெயைத் துடைத்துவிடுங்கள், இல்லையென்றால் தூசியைப் பிடித்துக்கொள்ளும்.

இந்த வேலையை இன்ஜின் ஓடும்போது மட்டும் செய்யவே கூடாது. சக்கரம் தானாகச் சுற்றினால் துடைக்கச் சுலபம் என்று நினைத்துத் துணியோடு விரலையும் உள்ளே கொடுத்தவர்கள் உண்டு. குழந்தைகள் பக்கத்தில் நின்று கைநீட்டும் வேலையும் இதுதான். விரல் துண்டாகிவிட்டால், காயத்தைச் சுத்தத் துணியால் அழுத்திக் கட்டுங்கள். துண்டான பகுதியை ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் மேல் வையுங்கள். நேரடியாக ஐஸில் போடக் கூடாது. 108-ஐ அழைத்து, கை அறுவை சிகிச்சை உள்ள மருத்துவமனைக்குப் போங்கள்.

சேறு சேருகிறது என்று செயின் கவரைக் கழற்றி வைப்பவர்களும் கவனிக்க வேண்டும். பின்னால் உட்காரும் பெண்களின் சேலையும் துப்பட்டாவும் சிக்குவது அங்கேதான். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ன் 123-ஆவது விதி, பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் காப்பு வேண்டும் என்கிறது. கழற்றிய கவரைப் புது செட் மாட்டும் அன்றே பொருத்திவிடுங்கள்.

கழற்றிய பழைய செயினை 'அவசரத்துக்கு ஆகும்' என்று பரணில் போட வேண்டாம், பழைய இரும்புக் கடைக்கு அனுப்பிவிடுங்கள். அவசரத்துக்கு வேண்டியது உங்கள் செயின் அளவுக்கு ஒரு புதுப் பூட்டுக் கண்ணி, அதற்கு ஒரு கிளிப், ஒரு குறடு. மூன்றும் டூல் பெட்டியில் அதிக இடம் பிடிக்காது.