குச்சிக்கிழங்கு தின்னும் சாம்பல் சத்து

சேலம், நாமக்கல் பக்கம் குச்சிக்கிழங்கு எனப்படும் மரவள்ளிக்கு எடையை மட்டும் பார்த்து விலை போடுவதில்லை. லோடிலிருந்து கொஞ்சம் கிழங்கை எடுத்துக் கழுவி, தண்ணீரில் முக்கி நிறுத்து, மாவுச்சத்து இத்தனை பாயிண்ட் என்று சேகோ (ஜவ்வரிசி) ஆலையில் சொல்வார்கள். பாயிண்டுக்கு இவ்வளவு என்று பணம். இரண்டு பாயிண்ட் குறைந்துவிட்டால் விவசாயி தராசைச் சந்தேகிப்பார், வியாபாரியைத் திட்டுவார், அறுவடை நேரத்தில் பெய்த மழையை நொந்துகொள்வார். மூன்றிலும் ஓரளவு நியாயம் இருக்கலாம். நான்காவதாக ஒரு காரணம் உண்டு. அதைப் பற்றி ஆலை வாசலில் பேச்சு எழுவதில்லை. காட்டில் சாம்பல் சத்து தீர்ந்துகொண்டு வருகிறது.

இலையில் உருவாகும் சர்க்கரையைக் கிழங்குக்கு இறக்குவதும், அங்கே அதை மாவாக மாற்றும் நொதிகளை முடுக்கிவிடுவதும் சாம்பல் சத்தான பொட்டாசியத்தின் வேலை. அது போதாத செடியிலும் இலை பச்சையாகத்தான் இருக்கும், தண்டு உயரும், கிழங்கும் இறங்கும். மாவுதான் குறையும். போதாததற்கு, தழைச்சத்து அதிகமாகவும் சாம்பல் சத்து குறைவாகவும் கொடுத்த செடியில் சயனைடு தரும் பொருள் கூடி, கிழங்கு கசக்கும்.

மாவு என்பது வேதியியல்படி கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்த பொருள். மூன்றும் காற்றிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் வந்தவை. சேலத்து ஜவ்வரிசி மூட்டை மும்பைக்கோ கொல்கத்தாவுக்கோ போகும்போது, நம் மண்ணின் பொட்டாசியம் அதில் பேருக்குத்தான் இருக்கும். அப்படியானால் கிழங்கோடு காட்டைவிட்டுப் போனது எங்கே? ஆலையிலேயே இருக்கிறது. உரித்த தோலில் ஒரு பங்கு, பிழிந்த திப்பியில் ஒரு பங்கு, மீதி தண்ணீரில் கரைந்து கழிவு வாய்க்காலில். பொட்டாசிய உப்புகள் எளிதில் கரைபவை. கிழங்கை அரைத்து அலசி மாவைப் படியவைக்கும் முறையில் அவை தண்ணீரோடு போவதுதான் இயல்பு. ஆத்தூரிலும் ராசிபுரத்திலும் காட்டைவிட்டுக் கிளம்பும் சத்து பக்கத்து ஊர் ஆலையோடு நின்றுவிடுகிறது, திரும்பி மட்டும் வருவதில்லை.

1943ஐ ஒட்டி, போர்க்காலத்தில் மலேயாவிலிருந்து ஜவ்வரிசி வரத்து நின்றபோது சேலத்தில் பிறந்தது இந்த ஜவ்வரிசித் தொழில். மாணிக்கம் செட்டியாரும், பினாங்கிலிருந்து வந்த போபட்லால் ஷாவும் தொடங்கிவைத்தார்கள். 1981இல் சேகோசர்வ் கூட்டுறவு சங்கம் பதிவானது. 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. எண்பது ஆண்டுகளாக ஒரே வட்டாரத்தில், பல இடங்களில் ஒரே காட்டில், குச்சிக்கிழங்குக்கு மேல் குச்சிக்கிழங்கு.

ஒரு டன் பச்சைக் கிழங்கோடு சுமார் இரண்டரை கிலோ பொட்டாசியம் வெளியேறுகிறது. ஏக்கருக்குப் பன்னிரண்டு டன் என்று வைத்தால் முப்பது கிலோ. கடையில் விற்கும் பொட்டாஷ் உரக் கணக்கில் அறுபது கிலோ, அதாவது ஒரு மூட்டைக்கும் மேல். இது கிழங்கு மட்டும். தண்டையும் கரணைக்காகவும் விறகுக்காகவும் வெட்டி எடுத்துவிட்டால் இழப்பு இன்னும் ஏறும். உதிர்ந்த இலை ஒன்றுதான் மண்ணுக்குத் திரும்புகிறது.

இறவை மரவள்ளிக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை ஹெக்டேருக்குத் தழை 90, மணி 90, சாம்பல் 240 கிலோ. தழையிலும் சாம்பலிலும் பாதி அடியுரம், பாதி மூன்றாம் மாதம். மற்ற சத்துகளைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல் சாம்பல் சத்து கேட்கும் பயிர் என்று பரிந்துரையே சொல்கிறது. ஏக்கருக்குப் பார்த்தால் பொட்டாஷ் மூன்று மூட்டை, கொஞ்சம் கூடவும்.

இனி விலை. 2010 ஏப்ரலில் ஊட்டச்சத்து அடிப்படையிலான மானியத் திட்டம் வந்தது. அதற்கு முன் பொட்டாஷ் டன் 4,455 ரூபாய், மூட்டை சுமார் 223. திட்டத்துக்குப் பிறகு மணிச்சத்து, சாம்பல் சத்து உரங்களின் விலை சந்தையோடு ஏறியது. யூரியா விலை மட்டும் அரசின் பிடியில் நின்றது. 2022இல் பொட்டாஷ் மூட்டை 1,700 ரூபாயைத் தொட்டது. யூரியா 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு. இந்தியாவுக்கு வேண்டிய பொட்டாஷ் உரம் அநேகமாக முழுவதும் கனடா, ரஷ்யா, பெலாரஸ், ஜோர்டான், இஸ்ரேல் போன்ற நாடுகளிலிருந்து கப்பலில் வருகிறது. உக்ரைனில் போர் மூண்டால் தலைவாசலில் உரக்கடைப் பில் ஏறும். 2022 விலையில், ஓர் ஏக்கர் மரவள்ளிக்கு வேண்டிய தழைச்சத்து முழுவதையும் யூரியாவாகக் கொடுத்தாலும் ஐந்நூறு ரூபாய்க்குள் முடியும். சாம்பல் சத்துக்கு ஐயாயிரத்துக்கு மேல். எதை விடுவார்கள் என்று சொல்லத் தேவையில்லை. நாடு முழுவதும் தழை, மணி, சாம்பல் பயன்பாடு 2009-10இல் 4.3:2:1 என்று இருந்தது, 2012-13இல் 8.2:3.2:1. மூன்றே ஆண்டுகளில் நடந்த மாற்றம் இது. விவசாயியின் அறியாமை என்று இதைச் சொல்வது எனக்கு ஒப்பவில்லை. விலைப்பட்டியல் சொன்னதை அவர் செய்தார்.

சாம்பல் சத்துப் பற்றாக்குறை வாய் திறக்காது என்பதுதான் இதில் மோசமான சங்கதி. வாழையிலும் கடலையிலும் அடியிலை ஓரம் கருகிக் காட்டிக்கொடுக்கும். மரவள்ளி அப்படியல்ல. கிடைப்பதற்கு ஏற்றபடி உடம்பைக் குறுக்கிக்கொள்ளும். கணு நெருங்கும், இலை சிறுக்கும், பார்வைக்குக் குறையே தெரியாது. பக்கத்தில் சத்துக் கொடுத்த பாத்தி ஒன்று இருந்தால்தான் வித்தியாசம் புரியும். தாய்லாந்தின் கோன்கேனில் 1975 முதல் நடந்த நீண்டகாலச் சோதனையில், தழையும் மணியும் கொடுத்துச் சாம்பலை மட்டும் விட்ட பாத்திகளில் முதல் சில ஆண்டுகள் விளைச்சல் தாங்கி நின்றது, பிறகு விழுந்தது. அந்தச் சில ஆண்டுகள்தான் ஆளை ஏமாற்றுபவை. "பொட்டாஷ் போடாமலே போன வருசம் நல்லாத்தானே வந்துச்சு" என்ற பேச்சு அங்கிருந்துதான் பிறக்கிறது.

வெளியே தெரியும் நோய் வேறு கதை. இலை மஞ்சளாகும்போது எல்லோரும் ஓடிவந்து பார்க்கிறார்கள். மஞ்சளிலும் வகை உண்டு. வெள்ளை ஈ பரப்பும் தேமல் நோயில் இலை திட்டுத்திட்டாக வெளுத்து, கோணிச் சுருளும். இரும்புச்சத்துக் குறைந்தால் குருத்திலை கோணாமல் ஒரே சீராக வெளுக்கும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். துத்தநாகம் குறைந்தால் இளம் இலை ஒடுங்கி, நரம்புகளுக்கு நடுவே வெள்ளைப் புள்ளி விழும். மூன்றுக்கும் ஒரே பூச்சிமருந்தை அடிப்பது இங்கே சாதாரணமாக நடக்கிறது. பின்னிரண்டுக்கும் அது வீண் செலவு.

செம்மண் சிவப்பாக இருப்பதே இரும்பால்தான். அந்த மண்ணில் நிற்கும் செடிக்கு இரும்பு கிடைக்காமல் போவது சுண்ணாம்பால். இந்தச் சமவெளியில் சுண்ணாம்பு கலந்த காடுகள் நிறைய. கார அமில நிலை எட்டைத் தாண்டினால் இரும்பு கரையாமல் முடங்கிவிடும். ஆழ்துளைக் கிணற்றின் கடின நீரில் வரும் பைகார்பனேட் அதை இன்னும் இறுக்கும். சேலம் நகரத்துக்கும் சேர்வராயன் மலைக்கும் நடுவே வெள்ளைக்கல் சுரங்கப் பகுதியில் மக்னீசியம் மிகுதி. அது வேரில் பொட்டாசியத்தோடு போட்டியிடும்.

இதன் மேல் கோழி எரு. மாட்டெரு கிடைப்பது அருகிவிட்ட ஊர்களில், நாமக்கல் பண்ணை எரு லோடு லோடாக வந்து இறங்குகிறது. தழையும் மணியும் நிறைந்த நல்ல எருதான், மறுப்பதற்கில்லை. ஆனால் முட்டையிடும் கோழியின் தீவனத்தில் ஓட்டுக்காக ஏறத்தாழ 4 சதவீதம் கால்சியம் சேர்க்கிறார்கள். ஓட்டுக்குப் போகாத மீதி எச்சத்தில் இறங்கும். சுண்ணாம்புக் காட்டில் ஆண்டுதோறும் அதைக் கொட்டினால் சுண்ணாம்புக்கு மேல் சுண்ணாம்பு. மிஞ்சிய மணிச்சத்து துத்தநாகத்தையும் தடுக்கும். கூடவே டிஏபியும் போடுகிறவர்களுக்குக் கேடு இரட்டிப்பு. சாம்பல் சத்துக்கு இந்த எருவை நம்பியிருப்பதும் தப்புக் கணக்கு. மற்ற இரண்டையும்விட அது அதில் குறைவு.

வெளுத்த குருத்துக்குப் பத்து லிட்டர் தண்ணீரில் 100 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்), 50 கிராம் ஜிங்க் சல்பேட் என்று கலந்து இரண்டாம், மூன்றாம் மாதங்களில் தெளிக்கலாம். ஒன்றைக் கவனிக்க வேண்டும். அன்னபேதிக் கரைசல் இளம்பச்சையாக இருக்கும். காரத்தன்மையுள்ள போர் தண்ணீரில் கரைத்துச் சற்று நேரம் வைத்தால் துருவேறிய பழுப்பாக மாறும். மாறிவிட்டால் இலைக்குப் பயனில்லை. கொஞ்சம் எலுமிச்சைச் சாறோ சிட்ரிக் அமிலமோ சேர்த்து, கலந்த உடனே, வெயில் இறங்கியபின் அடிக்க வேண்டும். இதுவும் அந்தப் பருவத்துக்கான முட்டுதான், மண் மாறாது.

மண்வள அட்டைத் திட்டம் 2015 பிப்ரவரியில் வந்தது. பன்னிரண்டு அளவுகள் அதில் இருக்கும். சாம்பல் சத்து ஹெக்டேருக்கு 118 கிலோவுக்குக் கீழே குறைவு, 280க்கு மேல் அதிகம் என்பது நம் ஆய்வகங்களின் வரம்பு. "அதிகம்" என்று வந்த அட்டையை வைத்துக்கொண்டு ஐந்து பருவம் பொட்டாஷ் போடாமல் விடுவது ஆபத்து. அந்தச் சோதனை சொல்வது அன்றைக்கு வேருக்குக் கிடைக்கக்கூடிய இருப்பை. மாதிரியை அறுவடை முடிந்து எரு கொட்டும் முன் எடுக்க வேண்டும். வரப்போரம், மரத்தடி, எருக்குழி பக்கம் கூடாது.

ஆலைத் தோலையும் திப்பியையும் மக்கவைத்துக் காட்டுக்குக் கொண்டுவருவது நடக்கக்கூடிய காரியம். திப்பி மாட்டுத் தீவனத்துக்கு விலைபோகிறது, ஆகவே கைக்கு வருவது தோல்தான். கழிவுநீரை அப்படியே பாய்ச்சுவது வேண்டாம். புளித்த, அமிலம் மிகுந்த தண்ணீர் அது, வேரை மூச்சுத் திணறவைக்கும். குத்தகைக் காடுகளைப் பற்றித்தான் எனக்கு நம்பிக்கை குறைவு. அடுத்த ஆண்டு யார் கையில் இருக்கும் என்று தெரியாத நிலத்தில் ஐயாயிரம் ரூபாய் பொட்டாஷ் போடச் சொல்ல யாருக்கு வாய் வரும்? குத்தகைப் பேச்சில் உரச்செலவில் பாதி நிலக்காரர் ஏற்பது என்று சேர்க்காதவரை அங்கே மண் இறங்கத்தான் செய்யும்.

போடுகிறவர்களிடமும் விடுபடக்கூடியது இரண்டாம் தவணைதான். தையில் கரணை நட்டால் மூன்றாம் மாதம் சித்திரை: கையில் காசில்லாத மாதம், களையெடுப்புக் கூலியும் அப்போதே. கிழங்கு பருக்கத் தொடங்கியிருக்கும். சாம்பல் சத்து அப்போதுதான் மிகுதியாக வேண்டும். நட்ட நாளில் மொத்தத்தையும் கொட்டிவிட்டால் மணற்பாங்கான காட்டில் ஒரு பகுதி தண்ணீரோடு வேருக்குக் கீழே இறங்கிவிடும். பணம் குறைவு என்றால் சித்திரையில் வெட்ட வேண்டியது யூரியாவை.