அறுத்த பின் தெரிந்தது, அறுக்காமலே தெரிவது

தோலுக்கடியில் வரும் கொழுப்புக் கட்டியைக் கொங்கு நாட்டில் அறியாதவர் குறைவு. முழங்கையிலோ பிடரியிலோ இருக்கும்; தொட்டால் நழுவும்; வலிக்காது; ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும். அதே கட்டி பெருங்குடலின் உட்சுவரிலும் வரும் என்பது பலருக்குத் தெரியாது. 1757-லேயே பாவர் என்ற மருத்துவர் இதைப் பதிவு செய்துவிட்டார். உடற்கூறாய்வுக் கணக்குகளில் இது 1000 பேரில் 2 பேர் முதல் 44 பேர் வரை காணப்பட்டிருக்கிறது. பெரும்பாலும் வலப்பக்கக் குடலில், 50 வயதைத் தாண்டியவர்களிடம் இருக்கும். புற்றுநோயாக மாறுவதில்லை. இவ்வளவு சாதுவான கட்டிக்காக 1970-களில் வலப்பக்கக் குடலையே இழக்க வேண்டியிருந்தது. இன்று பல நேரங்களில் அதைத் தொடக்கூட வேண்டியதில்லை.

1970-களில் திருப்பூர் கோவை மாவட்டத்தில் இருந்தது. பனியன் கம்பெனியில் வேலை செய்பவருக்கு விட்டுவிட்டு வயிறு வலித்தால் முதல் சிகிச்சை வீட்டிலேயே நடக்கும். ஓமத்தண்ணீர், அதற்கும் அடங்காவிட்டால் குடலேற்றம் என்று விளக்கெண்ணெய் தடவி வயிற்றை நீவி விடும் ஒரு மூதாட்டி. மலத்தில் ரத்தம் கண்டால் மூலம் என்று முடிவு கட்டி, கருணைக்கிழங்கு சமைத்துப் போடுவார்கள். மாதங்கள் கழிந்த பின்தான் ஊர் டாக்டரிடம் போவது. அவரிடம் இருந்தவை ஸ்டெதஸ்கோப்பும் இரண்டு கைகளும். நோயாளியைப் படுக்க வைத்து, முழங்காலை மடக்கச் சொல்லி, வயிற்றை நான்கு மூலையிலும் அழுத்திப் பார்ப்பார். வலிக்கும்போது திரளும், வலி போனதும் மறையும் கட்டி ஒன்று கைக்குத் தட்டுப்பட்டால் அவர் முகம் மாறும். "அடுத்த தடவை வலி வந்தா எந்நேரமானாலும் வந்துருங்க" என்பார். வலி உள்ள நேரத்தில் தொட்டுப் பார்த்தால்தான் அந்தக் கட்டி பிடிபடும் என்று அவருக்குத் தெரியும்.

அப்படி வந்து மறைவது பெரும்பாலும் குடல் செருகல். பனியனைக் கழற்றும்போது அதன் கை பாதி உள்ளுக்குப் போய் மாட்டிக்கொள்வதுபோல, குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் நுழைந்துகொள்ளும். குழந்தைகளுக்கு இது பெரும்பாலும் காரணம் தெரியாமலே வரும். பெரியவர்களுக்கு வந்தால் பெரும்பாலும் உள்ளே இழுத்துக்கொண்டு போக ஏதோ ஒன்று இருக்கிறது என்று பொருள். பெருங்குடலில் அது புற்றுக்கட்டியாக இருக்கலாம். கொழுப்புக் கட்டியாகவும் இருக்கலாம். எது என்று சொல்ல அந்தக் கைகளால் முடியாது.

அடுத்தது சுமார் 50 கிலோமீட்டர் பஸ் பயணம், கோவைப் பெரியாஸ்பத்திரிக்கு. அங்கே பேரியம் எனிமா. முதல் நாள் இரவு பேதி மருந்து, காலையில் வெறும் வயிறு. வெள்ளைக் கரைசலை ஆசனவாய் வழியே ஏற்றி, மேசையில் இப்படியும் அப்படியும் புரட்டிப் படம் எடுப்பார்கள். வெள்ளையான குடலுக்குள் வழுவழுப்பான விளிம்போடு ஒரு நீள்வட்ட வெற்றிடம் தெரியும். அனுபவமுள்ள எக்ஸ்ரே டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்து, அந்த வெற்றிடம் வடிவம் மாறுகிறதா என்று கவனிப்பார். மாறினால் மெத்தென்ற கட்டி. கொழுப்பாக இருக்க வாய்ப்பு. ஆனாலும் "இருக்கலாம்" என்ற சொல்லை நம்பி ஒருவரைப் புற்றுநோயோடு வீட்டுக்கு அனுப்ப எந்த அறுவை மருத்துவர் துணிவார்? நடுவயிற்றில் நீளமாகத் திறந்து, வலப்பக்கப் பெருங்குடலைச் சிறுகுடல் முனையோடு சேர்த்து எடுத்துவிட்டு, மிச்சத்தை இணைத்துத் தைப்பார்கள். எடுத்த குடலைத் தட்டில் வைத்துப் பிளந்தால் உள்ளே மஞ்சளாகக் கொழுப்பு. நோய் இன்னதென்று அப்போதுதான் தெரியும். அந்த முடிவை இன்றைய அறிவை வைத்துக் குறை சொல்வது நியாயமில்லை. கையில் இருந்த தகவலுக்கு அதுவே சரியான முடிவு.

விலை கொடுத்தவர் நோயாளி. தையல் பிரிக்கும் வரை ஆஸ்பத்திரி, அதன் பின் மாதக்கணக்கில் பாரம் தூக்கக் கூடாது. துணி ரோலைத் தோளில் சுமந்து பிழைத்தவருக்கு அது வேலை இழப்பு.

இந்த நிலையை மாற்றியவை இரண்டு. 1969-ல் நியூயார்க்கில் ஷின்யாவும் வுல்ஃபும் வளையும் குழாய்க்குள் கம்பிக் கண்ணியை அனுப்பி, வயிற்றைத் திறக்காமலே பெருங்குடல் கட்டிகளை எடுக்கத் தொடங்கினார்கள். 1971-ல் லண்டனில் ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. கருவி முதல் நோயாளியைப் படம் எடுத்தது. கொழுப்புக் கட்டியைப் பொறுத்தவரை சி.டி.தான் பெரிய திருப்பம். அது ஒவ்வொரு திசுவுக்கும் ஓர் எண் கொடுக்கிறது. தண்ணீர் 0. தசையும் புற்றுக்கட்டியும் அதற்கு மேலே. கொழுப்போ மைனஸ் 40 முதல் மைனஸ் 120 வரை. அன்று குடலைப் பிளந்து கண்டதை இன்று ஓர் எண் சொல்லிவிடுகிறது.

வளையும் குழாயால் பெருங்குடலுக்குள் பார்க்கும் கொலோனோஸ்கோப்பியில் கட்டி மஞ்சளாக, பளபளப்பாகத் தெரியும். இடுக்கியால் அழுத்தினால் குழி விழும், எடுத்தால் நிமிரும். சதைத் துணுக்கு எடுத்து அனுப்பினால் பெரும்பாலும் சாதாரணச் சவ்வு என்றே அறிக்கை வரும்; ஏனெனில் கட்டி சவ்வுக்கு அடியில் இருக்கிறது. ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் கிள்ளினால் கொழுப்பு எட்டிப் பார்க்கும். இவ்வளவுக்குப் பிறகும் ஏமாற்றும் கட்டிகள் உண்டு. பெரிதாகி மேல்சவ்வு புண்ணாகிவிட்டால் புற்றுநோய் போலவே தோன்றும். அப்போது இன்றும் அன்றைய முடிவுதான்.

சிகிச்சையும் அளவைப் பார்த்தே அமைகிறது. 2 சென்டிமீட்டருக்குக் குறைந்து, தொந்தரவும் இல்லையென்றால் விட்டுவிடலாம். பெரிதாகி வலி, ரத்தப்போக்கு, அடைப்பு தந்தால் எடுக்க வேண்டும். காம்பு உள்ளதைக் கண்ணி போட்டு மின்சாரத்தால் அறுக்கலாம். ஆனால் கொழுப்பு மின்சாரத்தை எளிதில் கடத்தாது. அகன்ற அடியுள்ள கட்டியை அப்படி அறுக்கப் போய்க் குடல் ஓட்டையாகும் ஆபத்து உண்டு. அதனால் நைலான் வளையத்தால் அடியை இறுக்கி ரத்த ஓட்டத்தை நிறுத்தி, தானே உதிர விடும் முறையும் வந்தது. அதற்கும் அடங்காதவற்றுக்கு லேப்ராஸ்கோப்பி. டாக்டர் சி.பழனிவேலுவின் ஜெம் மருத்துவமனை போன்றவை கோவையில் வளர்ந்ததால், அந்த வசதி திருப்பூர்க்காரர்களுக்குப் பக்கத்திலேயே கிடைத்தது. அன்று ஒரு சாண் தழும்பு. இன்று சில சிறு துளைகளும், குடலை வெளியே எடுக்க ஒரு சிறு கீறலும்.

ஊரும் மாறியது. 2009-ல் திருப்பூர் தனி மாவட்டமானது. 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. 2009-ல் தொடங்கிய கலைஞர் காப்பீட்டுத் திட்டம் 2012-ல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாகி, இப்போது தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது.

இழந்ததும் உண்டு. வயிற்றில் கை வைத்துப் பார்க்கும் டாக்டர்கள் அருகிவிட்டார்கள். வலி என்றதும் ஸ்கேன் சீட்டு எழுதப்படுகிறது. கிட்னிக் கல்லுக்காக எடுத்த சி.டி.யில் ஒரு சென்டிமீட்டர் கொழுப்புக் கட்டி தெரிந்து, அறிக்கையில் "கட்டி" என்ற சொல்லைப் படித்த குடும்பம் தூக்கம் கெட்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைகிறது. அன்று தெரியாததால் அறுத்தார்கள். இன்று தெரிந்தும் பயத்தால் அறுக்கக் கேட்கிறார்கள். "இது ஒன்றும் செய்யாது, வீட்டுக்குப் போங்கள்" என்று உட்கார வைத்துச் சொல்ல ஐந்து நிமிடம் வேண்டும். அந்த ஐந்து நிமிடம் அன்று ஊர் டாக்டரிடம் இருந்தது.

மாறாத ஒன்றுதான் என்னை அதிகம் வருத்துகிறது. தாமதம். பீஸ் ரேட்டில் தைப்பவருக்கு ஒரு நாள் லீவு என்பது ஒரு நாள் கூலி. ஏற்றுமதி ஆர்டர் நெருக்கும் வாரத்தில் ஒன்றரை ஷிப்ட் ஓடும். பவர் டேபிளிலிருந்து எழுந்து போக மனம் வராது. மெடிக்கலில் கேஸ் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு மிஷினை மிதிப்பார்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பிள்ளைகளுக்கு வலியை எடுத்துச் சொல்ல மொழியும் இல்லை. மலத்தில் ரத்தம் என்றால் மூலம் என்ற முடிவு அன்றுபோலவே இன்றும் தொடர்கிறது. அந்த ரத்தம் கொழுப்புக் கட்டியாலும் வரலாம், புற்றுநோயாலும் வரலாம். பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது.

அந்தக் கூலி இழப்பை ஓரளவு ஈடுகட்டத் தொழிலாளர் காப்பீட்டுத் திட்டமான ஈ.எஸ்.ஐ. இருக்கிறது. தமிழ்நாட்டில் அது முதலில் வந்தது கோவையில்தான், 1955-ல். 2017-லிருந்து மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர் அதில் சேரலாம். ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாள் சந்தா கட்டப்பட்டிருந்தால், நோய் விடுப்பில் கூலியில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். கணக்கில் பெயர் ஏறாத கான்ட்ராக்ட் தொழிலாளிக்கு இது எதுவும் இல்லை. பனியன் கம்பெனியில் வேலை செய்பவர்கள், தங்கள் பெயரில் ஈ.எஸ்.ஐ. எண் இருக்கிறதா, சந்தா கட்டப்படுகிறதா என்று வருகிற சனிக்கிழமை சம்பளம் வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். மலத்தில் ரத்தம் கண்டால் அடுத்த ஆர்டர் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.