கற்கைநெறிக்குப் பணம் கட்டுமுன்

உயர்தரப் பரீட்சை முடிந்த கையோடு ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்துப் பிள்ளைகளின் போனுக்கு விளம்பரங்கள் வரத் தொடங்கிவிடும். ‘மூன்று மாதத்தில் என்விக்யூ 4’, ‘வீட்டிலிருந்தே டிப்ளோமா’. கட்டணம் 15,000 ரூபாய் என்று வையுங்கள். தோட்டத் தொழிலாளருக்கு 2024 செப்டம்பரில் நிர்ணயித்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய். அந்தக் கணக்கில் தோட்டத்தில் வேலை செய்யும் அம்மாவுக்கு அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) விழாமல் பதினோரு முழுப்பேருக்கு மேல் வேண்டும்.

‘அரசாங்கப் பதிவு பெற்றது’ என்ற வரியில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பல நேரம் அது வெறும் வியாபாரப் பதிவு. மளிகைக் கடைக்கும் அது உண்டு. தொழிற்பயிற்சி நிலையங்களைப் பதிவு செய்வது 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு. அங்கேயும் நிறுவனம் பதிவாகியிருப்பது வேறு, நீங்கள் சேரும் கற்கைநெறி தர அங்கீகாரம் பெற்றிருப்பது வேறு. இரண்டையும் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் தேடிப் பாருங்கள். என்விக்யூ என்பது வேலையைச் செய்துகாட்டி, மதிப்பீட்டாளர் பார்த்துத் தரும் தகைமை. உதாரணமாக, கேக் செய்யும் விதத்தைச் சூமில் கேட்கலாம். கேக்கை அடுப்பில் வைத்துத்தான் காட்ட வேண்டும். அதனால் செய்முறைப் பயிற்சியும் மதிப்பீடும் எங்கே என்று கேளுங்கள். கொழும்பில் என்றால் பஸ் காசும் தங்குமிடமும் கட்டணத்தோடு சேரும். பட்டம் என்றால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அதை ஏற்குமா என்று பாருங்கள்.

விளம்பரம் தமிழில் இருந்தால் பாடமும் தமிழில்தான் என்று நம்பிவிடாதீர்கள். ஒரு மாதிரி வகுப்பைக் கேட்டுவிட்டுச் சேருங்கள். லயத்தில் சிக்னல் கிடைக்காமல் மேட்டுக்கு ஏறிப் படித்த 2020 கொரோனா காலத்தை நாம் மறக்கவில்லை. மழைக்காலத்தில் கரண்டும் நம்பிக்கையில்லை. எனவே பதிவுசெய்த வகுப்பு கிடைக்குமா, எத்தனை நாள் வைத்திருப்பார்கள், போன் போதுமா, லேப்டொப் வேண்டுமா என்பதை முன்பே கேளுங்கள். வீடியோவோடு ஒரு மணி நேரச் சூம் வகுப்புக்கு அரை ஜிபிக்கு மேல் டேட்டா போகும்.

பதில்களை வட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்குங்கள். விலகினால் எவ்வளவு திருப்பித் தருவார்கள் என்பதும் அதில் இருக்கட்டும். தனியாள் கணக்குக்குப் பணம் போடச் சொன்னால் சேராமல் விடுவதே நல்லது. பற்றுச்சீட்டு கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும் என்கிறது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம். பொய் வாக்குறுதி தந்து சேவை விற்பதும் அதன்படி குற்றம்.

ஏமாந்துவிட்டால் முதலில் நிறுவனத்துக்கு எழுதுங்கள். பதில் வராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து வழி கேளுங்கள், அல்லது நுவரெலியா மாவட்டச் செயலகத்திலுள்ள அதன் அலுவலகத்துக்குப் போங்கள். முறைப்பாடு எழுத்தில், சேவை பெற்று மூன்று மாதத்துக்குள் இருக்க வேண்டும். ஆறு மாதக் கற்கைநெறி முடியட்டும், சான்றிதழ் வருகிறதா பார்ப்போம் என்று காத்திருந்தால் இந்தக் கெடு கடந்துவிடக்கூடும். சொன்ன வகுப்பு இரண்டு வாரம் நடக்கவில்லையென்றால் அப்போதே பற்றுச்சீட்டு, விளம்பரம், வட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் பிரதியெடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.