சிறுநீரக நோயும் இருதயத்தின் நுண்குழாய்களும்

ஏரி மதகு நன்கு திறந்திருக்கிறது. பெரிய கால்வாயிலும் அடைப்பில்லை. ஆயினும் கடைமடை வயல் காய்கிறது. வயலுக்குள் பிரியும் சிறு வாய்க்கால்கள் தூர்ந்திருப்பதே காரணம். பயிரிடும் அங்கத்தினர்கள் நன்கறிந்த இவ்வுண்மை இருதயத்திற்கும் பொருந்தும்.

நாட்பட்ட சிறுநீரக நோயுடையோரில் பலர், சிறுநீரகம் அடியோடு செயலிழக்கு முன்னரே இருதய நோயால் இறக்கின்றனர். இவர்களுள் சிலருக்கு நெஞ்சுவலியும் மூச்சிரைப்பும் இருக்கும். ஆஞ்சியோகிராம் படத்திலோ அடைப்பு எதுவும் தென்படாது. அப்படம் பெரிய குழாய்களையே காட்டும். அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த விட்டமுள்ள நுண்குழாய்கள் அதில் தெரியா. உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, இரத்தத்தில் கழிவுகளின் தேக்கம் ஆகியவற்றால் இந்நுண்குழாய்களின் சுவர் தடித்து, விரியும் தன்மை குன்றுகிறது.

கண்ணுக்குப் புலப்படாத குழாயை எவ்வாறு அளப்பது? வாய்க்காலைக் காண இயலாவிடினும், அதிற் பாயும் நீரை அளக்கலாமன்றோ? வைத்தியர்கள் கையாளும் முறையும் அதுவே. பெட் ஸ்கேன் கருவியைக் கொண்டு, முதலில் ஓய்வு நிலையில் இருதயத் தசைக்குள் பாயும் இரத்தத்தை அளக்கின்றனர். பின்னர் அடினோசின் போன்ற மருந்தினால் குழாய்களை விரியச் செய்து மீண்டும் அளக்கின்றனர். ஒரு கிராம் தசைக்கு நிமிஷத்திற்கு ஓய்வில் 1 மில்லிலிட்டரும், விரிந்தபின் 3 மில்லிலிட்டரும் பாய்ந்தால் விகிதம் 3 ஆகும். பெரிய குழாயில் அடைப்பின்றியே இவ்விகிதம் 2-க்குக் குறைந்தால், பழுது நுண்குழாய்களில் உள்ளதென ஊகிக்கலாம். சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய அயோடின் சாயம் இப்பரிசோதனைக்கு வேண்டுவதில்லை.

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியம். சிறுநீரக நோயாளிக்கு இரத்த சோகை இருப்பின், ஓய்விலேயே இருதயம் மிகுந்த இரத்தத்தை இழுத்துக்கொள்ளும். ஓய்வு அளவு 1.5 ஆக உயர்ந்திருந்தால், குழாய்கள் விரிந்து 3 பாய்ந்தாலும் விகிதம் 2 தான். ஆகவே விகிதத்தை மட்டுமின்றி, இரண்டு அளவுகளையும் தனித்தனியே நோக்குதல் வேண்டும்.

வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் 1971-ஆம் ஆண்டிலேயே சிறுநீரக மாற்றுச் சிகிச்சை வெற்றியுடன் நடைபெற்றது. ஆயினும் நோய் அந்நிலைக்கு முற்றாமற் காப்பதே மேல். தறிமுன் அமரும் குடியாத்தம் நெசவாளியாயினும், ஆம்பூரில் தோல் பதனிடும் தொழிலாளியாயினும், இரத்த அழுத்தமோ நீரிழிவோ உள்ளவர்கள் ஆண்டுக்கொரு முறை சிறுநீரில் ஆல்புமினையும் இரத்தத்தில் கிரியேட்டினினையும் பரிசோதித்துக் கொள்வார்களாக. இடுப்பு வலிக்கென வலி மாத்திரைகளை வைத்தியர் யோசனையின்றி நாள்தோறும் விழுங்குவது சிறுநீரகத்திற்குக் கேடு. “அடைப்பில்லை” என்று கேட்ட பின்னும் மூச்சிரைப்பு நீடிப்பின், வாளாவிராது மீண்டும் வைத்தியரை அணுகுங்கள். கால்வாய் சீராயிருப்பது மட்டும் போதாது. கடைமடைக்கும் நீர் சென்று சேர வேண்டும்.